ஞாயிற்றுக்கிழமை நீட் தேர்வு: பலி யாருடையது?

வாசகர் கேள்வி, மார்ச் 2

என் மகள் பிளஸ் டூ எழுதுகிறாள். நீட்டுக்கும் பதிவு செய்திருக்கிறாள். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடும்பத்தில் கர்த்தருடைய நாளில் வேலை செய்வதில்லை, வாங்குவதில்லை, விற்பதில்லை. தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான். போன வாரம் பிரசங்கத்தில் எரிக் லிடெலைப் பற்றிக் கேட்டேன். ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டுக்கொடுத்தவர். ஆபிரகாம் தன் மகனையே கொடுத்தான். தேவனுக்குத்தான் முதலிடம் என்று வாயால் சொல்லிவிட்டு ஒரு பரீட்சைக்காக அவருடைய நாளை விட்டுக்கொடுத்தால் என் விசுவாசம் எதற்கு? மகளை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடப்போகிறேன். தேவனுக்கு நேர்ந்து பொருத்தனையாகவும் பண்ணிவிட்டேன். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. என் முடிவு சரிதானா?

மார்ச் 2, இரவு

அண்ணாச்சி, மகள் என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லையே. "வீட்டில்" என்பதில் அவளும் சேர்த்தியா?

படித்தது அவள். எழுதப்போவது அவள். எழுதாமல் போனால் கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போகும்போது வீட்டில் உட்கார்ந்திருக்கப்போவதும் அவள்தான். இதில் உங்கள் கையை விட்டுப் போவது எது என்று முதலில் சொல்லுங்கள். ஆபிரகாமைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

மார்ச் 3

நேற்று இரவு எழுதியது கொஞ்சம் காரமாக இருந்தது என்று ஒரு தங்கச்சி சொல்கிறாள். இருக்கட்டும். கேள்வி காரமான கேள்வி.

லிடெலுக்கு வருகிறேன். நானும் ஞாயிறு பள்ளியில் அவர் கதையைக் கேட்டு வளர்ந்தவள். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் உண்டு. அதனாலேயே, அவர் செய்தது என்ன என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர்தான் அவருடைய ஓட்டம். அதன் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஓடமாட்டேன் என்றார். அவரைப் பற்றிய 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில் காட்டியதுபோல் கப்பல் ஏறுகிற நேரத்தில் அவருக்குத் தெரியவரவில்லை. அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அத்தனை மாதமும் பத்திரிகைகளின் ஏச்சைத் தாங்கிக்கொண்டு, தனக்குப் பழக்கம் குறைவான 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஞாயிறு சுற்று இருந்ததால் இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டார். அந்த ஞாயிறு பாரிஸில் ஸ்காட்லாந்துச் சபையின் கோயிலில் பிரசங்கம் பண்ணினார். அந்த வாரத்திலேயே 200 மீட்டரில் வெண்கலம். ஜூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம்.

இதில் யாருடைய கால் ஓடவில்லை? அவருடைய கால். யாருடைய பெயர் பத்திரிகையில் அடிபட்டது? அவருடைய பெயர். 100 மீட்டரில் தங்கம் வாங்கிய ஹெரால்டு ஆபிரகாம்ஸ் அவருடைய சொந்த நாட்டு அணிக்காரர். அவரிடம் போய் "நீயும் ஓடாதே" என்று லிடெல் சொன்னதாக எங்கேயும் இல்லை.

மார்ச் 3, மாலை

ஒரு தம்பி கேட்கிறார்: "அக்கா, அவர் விட்டுக்கொடுத்தார், கர்த்தர் தங்கமாகத் திருப்பிக் கொடுத்தார். அதுதானே சாட்சி? அந்தப் பிள்ளைக்கும் அப்படிக் கிடைக்கும் என்று விசுவாசிக்கக் கூடாதா?"

தம்பி, இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் பாரிஸோடு நிறுத்திவிடுகிறார்கள். லிடெல் 1925இல் சீனாவுக்குப் போனார், தான் பிறந்த தியன்ஜின் ஊருக்கே, பள்ளி ஆசிரியராக. 1941இல் போர் நெருக்கவே, கர்ப்பிணியாயிருந்த மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கனடாவுக்கு அனுப்பினார். 1943இல் ஜப்பானியர் அவரை ஷான்டுங் மாகாணத்து வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். 1945 பிப்ரவரி 21ஆம் தேதி, மூளையில் கட்டி வந்து அங்கேயே இறந்தார். வயது 43. மூன்றாவது மகளை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. அந்த ஆகஸ்டில் முகாம் விடுதலையானது.

400 மீட்டர் ஓடப்போகும் முன் அணியின் மசாஜ்காரர் ஒருவர் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் இருந்த வசனம் நமக்குத் தெரிந்ததுதான்: "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்." 1 சாமுவேல் 2:30. அதைப் பதக்கத்துக்குக் கியாரண்டி என்று எடுத்துக்கொண்டால், வெய்ஷியனில் அது பொய்த்துப்போனது என்று சொல்ல வேண்டிவரும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். அது ஓட்டக்காரனுக்குச் சொன்ன வசனம் இல்லை, ஆசாரியனாகிய ஏலிக்குச் சொன்னது. ஜனங்கள் கொண்டுவந்த பலியில் கர்த்தருக்கு முன்பாகத் தங்கள் பங்கைப் பிடுங்கித் தின்ற மகன்களை அவன் அடக்காமல் விட்டான். காணிக்கையை முன்னால் நின்று வாங்குகிறவர்களுக்குக் கர்த்தர் கொடுத்த எச்சரிக்கை அது. பிரசங்க பீடத்தில் நிற்கிறவர்களும் காணிக்கைப் பை பிடிக்கிறவர்களும் முதலில் வாசிக்க வேண்டிய வசனம்.

மார்ச் 5

இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுலை யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தேன். வந்துவிட்டார்.

"பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." அண்ணாச்சி கட்சிக்காரர் ஒருவர் இதை எடுத்துப் போட்டு, "பார்த்தீர்களா, கீழ்ப்படிதல்தான் முதல், பிள்ளையின் எதிர்காலம் எல்லாம் அப்புறம்" என்கிறார்.

1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் முழுவதையும் வாசித்தால் வேறு ஒன்று தெரிகிறது. (அமலேக்கியரின் அழிவு எனக்கு இன்றும் வாசிக்கக் கஷ்டமான பகுதி. அதை லேசாகத் தாண்டிப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஆனால் இங்கே பேச்சு சவுலைப் பற்றி.) ஆடுமாடுகள் உட்பட எல்லாவற்றையும் அழிக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லப்பட்டது. அவனோ நல்லவற்றைத் தப்பவிட்டு வைத்துக்கொண்டான். சாமுவேல் வந்து, என் காதில் விழுகிற ஆட்டுச் சத்தம் என்ன என்று கேட்கிறான். சவுல் உடனே, நல்ல ஆடுமாடுகளை உம்முடைய தேவனுக்குப் பலியிடத்தான் ஜனங்கள் வைத்திருக்கிறார்கள் என்கிறான். ஜனங்கள்! தான் அல்ல. அந்த ஆடுகளுக்கு அவன் ஒரு காசு கொடுத்தானா? இன்னொருவன் பட்டியிலிருந்து கொள்ளையில் வந்தவை. அதைக் கொண்டு பெரிய பலி செலுத்துகிறேன் என்கிறான்.

கீழ்ப்படிதல் நாம் கேட்டு வாங்குவதில்லை, நமக்கு வருவது. எது வரும் என்று நமக்குத் தெரியாது. பலியையோ நாமே பார்த்துப் பொறுக்கலாம், எல்லோரும் பார்க்கச் செலுத்தலாம். அதனால்தான் கடினமான கீழ்ப்படிதலுக்குப் பதிலாகப் பெரிய பலி ஒன்றை முன்னால் வைக்க நமக்கு ஆசை வருகிறது. பக்தியுள்ள குடும்பங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை, சொத்துத் தகராறு கோர்ட்டில் கிடக்கிறது, கோயிலுக்குப் புது மைக் செட் வாங்கிக் கொடுப்பார்கள். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்று கர்த்தர் சொன்னதை அந்த மைக்கிலேயே வாசிப்பார்கள்.

மார்ச் 6

தாவீதை மறந்துவிட்டேனே. பலி செலுத்த இடம் கேட்டு வந்த தாவீது ராஜாவுக்கு, அர்வனா என்பவன் தன் களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்கிறான். தாவீது, இலவசமாய்க் கிடைத்ததை என் தேவனுக்குச் சர்வாங்க தகனபலியாகச் செலுத்தமாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்குகிறான். அதற்கு முன்னால் அவன் சொன்னதும் முக்கியம். கொள்ளைநோயில் ஜனங்கள் சாவதைக் கண்டு, நான்தான் பாவம் செய்தேன், இந்த ஆடுகள் (தன் ஜனங்களைத்தான் சொல்கிறான்) என்ன செய்தன, உம்முடைய கை என்மேல் இருக்கட்டும் என்று கேட்கிறான்.

2 சாமுவேல் 24. சவுலோடு பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

மார்ச் 8

இதை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர்ச் சந்தை ஞாயிற்றுக்கிழமை. சுற்றுப்பட்டி ஜனம் எல்லாம் அன்றைக்குத்தான் வரும். கடைத்தெரு முழுக்கத் திறந்திருக்க, எங்கள் கடை மட்டும் மரப்பலகை போட்டு மூடியிருக்கும். பலகைகளுக்கு நம்பர் உண்டு. நம்பர் மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. சனிக்கிழமை இரவு அப்பா ஒவ்வொன்றாக இறக்கி, குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டு, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். வாரத்திலேயே நல்ல வியாபாரத்தைப் பூட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியும். அதில் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். பெருமை இல்லை, சந்தோஷம். எனக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடையில் பொட்டலம் மடிக்க இரண்டு பையன்கள் இருந்தார்கள். நாள் சம்பளம். கடை மூடினால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மூட்டை தூக்கப் போவார்கள். இது வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் சொன்னது எங்கள் ஆச்சி. அவளுக்கு எழுத்து வாசிப்பு கிடையாது, கோயிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம், "நாலாம் கற்பனையில உன் வேலைக்காரனும்னு ஒரு வார்த்தை வருதே, அது உனக்குக் கிடையாதா? நீ ஓய்ந்திருக்கதுக்கு அந்தப் பயலுக வயிறு எதுக்கு ஓயணும்?" என்று கேட்டாள்.

அப்பா பதில் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தச் சனிக்கிழமையிலிருந்து பையன்களுக்கு ஞாயிறு சம்பளமும் சேர்த்துக் கொடுத்தார். கையில் காசு இல்லாத வாரம் அம்மாவிடம் வாங்கிக் கொடுத்தார்.

ஓய்வுநாள் கற்பனையை ஒருதரம் முழுவதாக வாசியுங்கள். நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன். எல்லோருக்கும் ஓய்வு கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒருவன் பக்தியாய் இருக்க மற்றவர்கள் விலை கொடுக்கும்படி அது எழுதப்படவில்லை.

மார்ச் 9

"நீங்கள் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர். அதனால்தான் இப்படிப் பேசுகிறீர்கள்."

ஆமாம், போகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் யாருக்கும் சர்க்கரை இறங்காதா, பிரசவ வலி வராதா? ஓய்வுநாளில் மாடு துரவில் விழுந்தால் தூக்கிவிடமாட்டீர்களா என்று கேட்டவர் கர்த்தர்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். ஜெபிக்கிறவர், உபவாசம் இருக்கிறவர். ஞாயிறு காலை ஷிஃப்ட் அவர் பார்த்ததே இல்லை. டியூட்டி லிஸ்ட் போடுவது அவர். ஆராதனையை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று சபையில் சாட்சி சொல்வார். உண்மைதான். அந்த இடத்தை நிரப்பியது எங்களைப் போன்ற சின்னப் பிள்ளைகள். எங்களில் பாதிப்பேர் கோயிலுக்குப் போகிறவர்கள். இரவு டியூட்டி முடித்து, கண் எரிய, காலை ஷிஃப்டையும் சேர்த்துப் பார்ப்போம். மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் வரும்போது எதிர்த்தெருக் கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும். ஒரு பெரியம்மா, நான்காம் கட்டில் என்று நினைக்கிறேன், "மணியடிச்சாச்சு, நீ போகலையா?" என்பார். ஊசி போடும் கையைப் பிடித்துக்கொண்டு அவரே ஒரு சங்கீதம் சொல்வார், நானும் கூடவே சொல்வேன்.

இப்போது லிஸ்ட் போடுவது நான். ஞாயிறு சுற்றில் எல்லோருக்கும் பங்கு, எனக்கும்தான். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் வருகிறோம், கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வருகிறார்கள். நான் திருவிருந்து எடுக்க சாயங்கால ஆராதனைக்குப் போவேன். இதை என் கீழ்ப்படிதலின் ஒரு பாகமாகத்தான் பார்க்கிறேன், சலுகையாக அல்ல.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

இன்னொன்று. ஞாயிறு ஆசரிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இல்லவே இல்லை. கடைப்பலகை போட்ட அப்பாவின் மகள் நான். ஒரு நாளையாவது காசுக்கு விற்காமல் வைத்திருக்கிற வீடுகள் இன்னும் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? டியூஷன், கோச்சிங், டெஸ்ட் பேட்ச் என்று ஏழு நாளும் பிள்ளைகளைப் பிழிந்தெடுக்கிற காலத்தில் அண்ணாச்சி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இன்னும் மிச்சம் இருக்கிறது. அவருடைய பக்தியைக் கேலி பண்ணி இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

மார்ச் 12

பொருத்தனை பண்ணிவிட்டேன், மாற்ற முடியாது என்று அண்ணாச்சி எழுதியிருக்கிறார். ராத்திரி தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். தூக்கம் வராதது நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நியாயாதிபதிகள் 11இல் யெப்தா, யுத்தத்தில் ஜெயித்துத் திரும்பும்போது என் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை பண்ணினான். மகள் தம்புரோடும் நடனத்தோடும் எதிரே வந்தாள். அவன் துணியைக் கிழித்துக்கொண்டு அவளைப் பார்த்தே, என்னைக் கலங்கப்பண்ணுகிறாய் என்கிறான். வாயைத் திறந்தது இவன், குற்றம் அவள் தலையில். அவள் இரண்டு மாதம் தவணை கேட்டுத் தோழிகளோடு மலைக்குப் போய் அழுகிறாள். அந்த அதிகாரத்தில் கர்த்தர் அந்தப் பலியைக் கேட்டார் என்று ஒரு வரி இல்லை. ஏற்றுக்கொண்டார் என்றும் இல்லை.

ஆபிரகாமிடம் கேட்டது கர்த்தர். தடுத்ததும் கர்த்தர். அண்ணாச்சி, உங்களிடம் யார் கேட்டார்கள்?

ஒரு பிள்ளையின் தலைமேல் நீங்கள் பண்ணின பொருத்தனையை உங்கள் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் குருவானவரே சொல்வார் என நினைக்கிறேன். போய்க் கேளுங்கள். அவளுக்குப் பதிலாக உங்களுடைய ஏதாவது ஒன்றைக் கொடுங்கள். உங்களுக்கு வலிக்கிற ஒன்று.

மார்ச் 13

அன்னாள்! மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மகன் சாமுவேல் பிறக்கும் முன்பே அவனைக் கர்த்தருக்குக் கொடுத்துவிட்டாளே, அவனிடம் கேட்டாளா என்று.

நல்ல கேள்வி. நாள் முழுக்க மண்டைக்குள் ஓடியது. எனக்குத் தெரிகிற மட்டில் சொல்கிறேன். அன்னாள் கொடுத்தபோது வெறுமையானது அவளுடைய மடி. சக்களத்தியின் ஏச்சைத் தாங்கி, அழுது கேட்டு வாங்கிய பிள்ளையைப் பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டாள். வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளை வளர வளர அளவு மாறியிருக்கும் அல்லவா? எந்த அளவில் தைத்திருப்பாள் என்று யோசித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவள் புருஷன் எல்க்கானாவும் உன் இஷ்டப்படி செய் என்று சம்மதித்தான். பிறகு மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் தாமே வந்து நின்று பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தாய் கொடுத்தாள் என்பதோடு முடிந்துபோகவில்லை. சாமுவேலும் தன் வாயால் "சொல்லும்; அடியேன் கேட்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

இது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் யெப்தாவும் அன்னாளும் ஒன்று என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மார்ச் 15

ஒரு தங்கச்சி தனியாக எழுதினாள். அனுமதி கேட்டு, அடையாளம் தெரியாதபடி போடுகிறேன். கணவர் சம்பளம் வாங்கியதும் தசமபாகம் எடுத்து வைத்துவிடுகிறார், அதன்பின் கட்டட நிதி, ஊழியர் தாங்குதல். பள்ளிக் கட்டணம் இரண்டு டேர்ம் பாக்கி. பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைத்தார்கள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போகிறது. கேட்டால், "தேவனுக்கு முதலிடம்" என்கிறார்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தை அவருக்கு முன்னால் திறந்து வையுங்கள். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" என்று சொல்லிக் காணிக்கையாக்கிவிட்டேன் என்றவர்களிடம் இயேசு என்ன சொன்னார்? தேவனுக்குத்தானே கொடுத்தீர்கள், நல்லது என்றா சொன்னார்? தேவ வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார். தாயின் கண் ஆபரேஷனும் ஐந்தாம் கற்பனைதான்.

தசமபாகம் கொடுக்காதே என்று சொல்லவில்லை. நானும் கொடுக்கிறேன். சாறிபாத் ஊர் விதவை பஞ்சத்தில் தன் கடைசி மாவில் தீர்க்கதரிசி எலியாவுக்கு முதல் அடை சுட்டுக் கொடுத்தாள், அதையும் நம்புகிறேன். அவள் தன் பானையைத் தானே வழித்தாள். இந்த வீட்டில் பானையை வழிப்பது யார், அடை சுட்ட பெயர் யாருக்குப் போகிறது என்று அந்தச் சகோதரர் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கட்டும். வசூலுக்கு வருகிற சபையும் பார்க்கட்டும்.

மார்ச் 19

பேச்சு காணிக்கைக்குப் போய்விட்டதால் பிடியரிசியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். தினமும். அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் பிடி போடாமல் உலை வைக்கமாட்டாள், பிடியை மட்டும் கொஞ்சம் சின்னதாக்குவாள். மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். ஊழியத்துக்கு. திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் நம் அம்மாக்கள் இப்படி எடுத்து வைத்த அரிசியும் காசும் எங்கெங்கே போயிருக்கின்றன! 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினபோது, நம் ஆள், நம் பணம் என்றுதான் தொடங்கினார்கள். அதில் முன்னால் நின்ற வேதநாயகம் அசரியா வெள்ளாளன்விளைக்காரர். தெலுங்கு நாட்டுக்கு ஆள் வேண்டும் என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், 1909இல் நல்ல பொறுப்பை விட்டுவிட்டுத் தானே குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போனார், தெலுங்கு படித்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பேராயர் ஆனதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தானே போனார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது.

மிசோரமில் 1910இல் தொடங்கிய "பூஃபாய் தாம்" என்பதும் பிடியரிசிதான். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி. அந்த மலைநாட்டுப் பெண்களின் பிடியரிசியில் இன்றைக்கு கோடி ரூபாய்க் கணக்கில் ஊழியத்துக்குச் சேர்கிறது. ஒரு வீட்டில் ஒரு பிடி குறைந்தால் யார் பங்கு குறையும்? பெரும்பாலும் சமைக்கிறவள் பங்குதான். நம் சபைகளின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பெண்களின் பெயர் இல்லை. இருக்க வேண்டும்.

மார்ச் 20

பிடியரிசியைப் படித்துவிட்டு, கோயிலில் எல்லோருக்கும் விருந்து வைக்கிற அசனப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்ட கதைகள் வந்து குவிகின்றன! முதல் பலாக்காய், முதல் ஈத்துக் கன்று, வாழைத்தார். எங்கள் ஊரில் ஏலத்துக்கு வந்த சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பாடகர் குழுவுக்குள் புகுந்துவிட்டது. பிடிக்க ஓடினவர்களில் எங்கள் குருவானவரான சேகரகுருவும் உண்டு. அதைப் பிடித்த பையனின் அப்பா அந்தச் சந்தோஷத்திலேயே விலையை இரட்டிப்பாகக் கேட்டு எடுத்தார். ஜனம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கொடுப்பதில் இவ்வளவு சந்தோஷமும் உண்டு.

சரி, விஷயத்துக்கு வாருங்கள். அண்ணாச்சி ஒரு வாரமாகக் காணோம்.

மார்ச் 24

லிடெலைப் பற்றி நான் எழுதியதை ஒரு வாசகர் மடக்கியிருக்கிறார். "அவருடைய பலி அவருடையது என்றீர்களே, மூன்று பெண்பிள்ளைகள் அப்பா இல்லாமல் வளர்ந்தார்களே? அந்த விலையைக் கொடுத்தது யார்?"

இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒருவன் கொடுக்கிற விலை அவனோடு நின்றுவிடுவதில்லை, வீட்டுக்கும் போகிறது. அப்பா கடையை மூடினார், எங்களுக்கும் பண்டிகைக்குப் புதுத்துணி இல்லாத வருஷம் உண்டு. அசரியா போனார், அவர் மனைவி பிள்ளைகளும் ஊரையும் பாஷையையும் விட்டுத்தான் போனார்கள். ஆகவே என் விலை என் மேல் மட்டும் என்று கோடு போட்டுவிட முடியாது.

ஆனால் லிடெலின் மனைவி ஃபுளோரன்ஸ் சீனாவில் மிஷனெரிகளின் மகளாக வளர்ந்தவர். எந்த வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்று தெரிந்து நுழைந்தவர். ஆபத்து வந்தபோது லிடெல் மனைவி பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தான் தங்கினார். அப்படியென்றால் நான் கேட்க வேண்டிய கேள்வி இது: விலையில் பங்கு கொடுக்கப்போகிறவர்களிடம் சொன்னாயா, கேட்டாயா? பெரிய பங்கை நீ எடுத்துக்கொண்டாயா? குழந்தைகளிடம் கேட்க முடியாதுதான். அது அப்படியே வலியாகத்தான் நிற்கிறது, அதைச் சமாதானம் சொல்லி மூட நான் விரும்பவில்லை.

முகாமில் நடந்தது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே பெற்றோரைப் பிரிந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை விளையாட்டை லிடெல் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் தாங்களே ஹாக்கி ஆடப்போய், நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். பாரிஸில் தங்கத்துக்காக மீறாத நாள் அது. தன் விஷயத்தில் அப்படி இரும்பாக நின்றவர், அடைபட்டுக் கிடந்த அந்தப் பிள்ளைகளுக்காக இறங்கி வந்தார். கொள்கையை விட்டுவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸிலும் முகாமிலும் அவர் ஒரே ஆளைத்தான் பின்பற்றினார். "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று சொன்னவரை.

ஏப்ரல் 1

அண்ணாச்சி எழுதிவிட்டார். குருவானவரிடம் போயிருக்கிறார். பொருத்தனையைத் தன் மேல் மாற்றிக்கொண்டாராம். என்ன என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் தடவையாக, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டாராம். அவள் உடனே பதில் சொல்லவில்லை. "யோசிக்க டைம் கொடுங்கப்பா" என்றாளாம். இப்போது அவருக்கு வேறு பயம்: அவளே எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

சொன்னால் அவள் பக்கம் நில்லுங்கள் அண்ணாச்சி. "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்பது அவளுக்கும் உண்டு. ஆனால் உங்களுக்குப் பிரியமாக இருக்கட்டும் என்று சொல்கிறாளா, தானாகச் சொல்கிறாளா என்று அவள் அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் அவளுக்கு அந்தப் பேச்சு வராது.

முடிவு எடுக்கும் முன் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு மதியம் 2 மணிக்கு. 1.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். மையம் தூரமாக விழாவிட்டால் காலை முதல் ஆராதனைக்குப் போய்விட்டே போகலாம். 2020 முதல் 2025 வரை நீட் எல்லா வருஷமும் ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. இந்த வருஷம் விட்டு அடுத்த வருஷம் எழுதலாம் என்று நினைத்தால் அடுத்த வருஷமும் அநேகமாக இதே கேள்விதான் வரும். எம்.பி.பி.எஸ். வேண்டாம் என்று விடுவதாகவே அது முடியலாம். அதை மறைக்காமல் சொல்லுங்கள். கர்த்தர் வேறு வாசல் திறப்பார் என்று நீங்களாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். திறந்தால் அவர் திறக்கட்டும்.

மனிதருக்கு வைத்தியம் பார்க்கிற ஆசைதான் அவளுக்குப் பெரிது என்றால், நம் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். விண்ணப்பத் தேதியைத் தவறவிடாமல் பாருங்கள். அவளுக்கு என்னோடு பேச வேண்டும் என்றால் பேசட்டும். வார்டுக்கு வந்து ஒருநாள் பார்க்கவும் செய்யலாம். டாக்டரானாலும் நர்சானாலும் ஞாயிறு டியூட்டி வரும். அதையும் இப்போதே பேசிவிடுங்கள்.